யாரும் உடைக்காத முழங்கால்

பதினான்கு வயதில், சடுகுடுவில் எதிர்க்கட்சியைத் தொட்டுவிட்டுத் தப்பி வருவதில் எங்கள் ராயபுரத்துத் தெருவில் எனக்குத்தான் பெயர். என்னைப் பிடிக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். குப்பத்து மீன்காரர் மகன், என் கூட்டாளி. வலை இழுத்துப் பழகிய கை அவனுக்கு. காலில் விழுந்து பிடித்தானென்றால் அசைய முடியாது.

ஒரு சாயங்காலம் கடற்கரை மணலில் அப்படித்தான் என்னைச் சாய்த்தான். எழுந்தபோது வலது முழங்காலுக்குக் கீழே சுரீரென்று வலித்தது. உண்மையில் அந்த வலி ஒரு மாதமாகவே இருந்தது. படியேறினால் வலிக்கும். மாதா கோயிலில் முழந்தாள்படியிட்டால் உயிர் போகும். ஆட விடமாட்டார்களே என்று மறைத்து வைத்திருந்தேன்.

அன்று நொண்டிக்கொண்டு போனதும் அம்மா காலைத் தடவிப் பார்த்தாள். கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது.

"இன்னாடா இது? யார் பண்ணது?"

அவன் பெயரைச் சொன்னேன். அம்மா அப்போதே அவன் வீட்டு வாசலில் போய் நின்று கத்திவிட்டு வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அவன் வந்தான். "அத்தே, கொடத்தக் குடு. தண்ணி நான் புடிச்சினு வரேன்" என்றான். தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது என் வேலை. அம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். அன்றிலிருந்து தினமும் வந்து எட்டுக் குடம் ஊற்றிவிட்டுப் போனான்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, வர முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகத்தான் போனேன். வயதான டாக்டர் புடைப்பை அழுத்திப் பார்த்தார்.

"இது யாரும் அடிச்சு வந்ததில்ல தம்பி. வளர்ற வயசு. எலும்பு வேகமா வளருது, தசை அதைப் புடிச்சு இழுக்குது. ஓடியாடுற பசங்களுக்குத்தான் வரும். கொஞ்ச மாசம் ஓடாம குதிக்காம இரு, தானா அடங்கிடும்."

வீட்டில் அம்மா கேட்டபோது, "ஓடக்கூடாதாம்" என்று மட்டும் சொன்னேன். அவன் குடத்தோடு வாசலில் நின்றிருந்தான். முகம் செத்துப்போயிற்று. நான் உட்கார்ந்திருக்க அவன் மட்டும் ஆடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மற்றதைச் சொல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் முழந்தாள்படியிட, நான் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும், "ஒன் காலுக்குத்தான்டா வேண்டிக்கினேன்" என்பான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது மாங்காய் திருடியதைச் சொன்னேன், வாத்தியாரிடம் பொய் சொன்னதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தண்டையார்பேட்டைப் பையன்களோடு ஆட்டம். நான் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரணியிலிருந்து பாடி வந்தவனின் கால் என் கூட்டாளியின் கைக்கு வந்தது. பிடித்தவன் சட்டென்று விட்டுவிட்டான். அடுத்த முறையும் அப்படியே. தோற்றோம். எங்கள் பையன்கள் அவனை வாயில் வந்தபடி ஏசினார்கள்.

திரும்பும் வழியில், "ஏன்டா வுட்ட?" என்றேன்.

"கைக்குக் கால் வந்தாலே ஒன் முட்டிதான் நெனப்புக்கு வருது."

அங்கேயே நின்று சொன்னேன். டாக்டர் சொன்னதை, முன்பே வலித்ததை, எல்லாவற்றையும்.

"அப்போ நான் ஒடைக்கலியா?"

"இல்லடா."

"நெசமாவா?"

மூன்று முறை கேட்டான். பிறகு சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒன்ன நொண்டியாக்கிட்டேன்னு தூக்கமே இல்லடா" என்றான். ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாளும் குடம் எடுக்க வந்தான். நான் தடுத்தேன். "புள்ளத்தாச்சிய தூக்க சொல்றியா? தள்ளு" என்றான். தங்கை பிறக்கும்வரை அவன்தான் ஊற்றினான்.

அடுத்த வருஷம் என் வலி அடங்கிவிட்டது. அவன் தொடர்ந்து ஆடினான், ஆனால் காலைப் பிடிக்கவேயில்லை. அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

என் கல்யாண விருந்தில் பந்தி விசாரித்துக்கொண்டு வந்த அம்மா, பெண் வீட்டாரிடம் அவனைக் காட்டி, "எம் புள்ள கால ஒடச்சவன் இவன்தான்" என்று சிரித்தாள். பந்தியே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பக்கத்தில் இருந்த வெளியூர்க்காரரிடம் திரும்பி, அவருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.