"மாமா வந்துட்டாங்க!"

முட்டாள்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தால் அதற்கு நான்தான் ஆயுட்காலத் தலைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசி. தஞ்சாவூரில் பெரிய கோயிலுக்குப் போகிற தெருவில் அப்போதே எனக்கு ஒரு கடை இருந்தது. தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, சின்னச் சின்னப் பித்தளைச் சாமான்கள். வெள்ளைக்காரர்கள் வந்து ஏதாவது கேட்டால் பொம்மையும் தலையாட்டும், நானும் தலையாட்டுவேன். அவர்கள் பேசியது எங்கள் இருவருக்கும் ஒரே அளவுதான் புரியும்.

அந்த வருஷம் சீசனில் திருட்டு தாங்க முடியவில்லை. ஊர் பார்க்க வந்தவர்களின் கேமராவும் பர்ஸும் காணாமல் போயின. எங்கள் கடைகளிலோ, விலை கேட்பதுபோல் கேட்டுக்கொண்டே பொருளைப் பைக்குள் இறக்கிவிட்டுப் போனார்கள். அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள் என்று பயணிகளிடம் வழிகாட்டிகள் சொல்ல ஆரம்பித்ததும், கடைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசினோம். கூடுதலாகப் போலீஸ் கேட்கலாம் என்றார் ஒருவர். நாய் வளர்க்கலாம் என்றார் இன்னொருவர். நான் எழுந்தேன். எழுந்திருக்கக் கூடாது.

திருடன் என்று கத்தினால் அவன் உஷாராகி ஓடிவிடுவான், வாங்க வந்தவர்களும் பயந்துபோவார்கள். அதனால் யார் மேலாவது சந்தேகம் வந்தால், "மாமா வந்துட்டாங்க" என்று அக்கம்பக்கத்துக் கடைகளுக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் வெளியே வந்து வழியை மறிக்க வேண்டும். இதுதான் என் திட்டம். "மாமியார் வீட்டுக்கு அனுப்பப்போற ஆளை மாமான்னு கூப்பிடுறதுதானே மரியாதை?" என்று கேட்டேன். கைதட்டல்.

எனக்கு இரண்டு கடை தள்ளிப் பாத்திரக் கடை வைத்திருந்த பாய் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நம்ம பக்கம் மாமா இல்லாத வீடு ஏது? வேற வார்த்தை பாருங்க" என்றார்.

"உங்க மாமா வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க பாய். மாலை போட்டுப் பிடிக்கிறோம்" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சபை சிரித்துவிட்டால் அதற்குமேல் எனக்கு யோசனை ஓடாது.

முதல் வாரமே ஒரு கேமராத் திருடன் அகப்பட்டான். பெரிய கோயிலையே நான் கட்டிய மாதிரி தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பாய் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் அவருடைய வேலையாள் மட்டும் இருந்தார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மாவும் மகளும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண், தாய்மாமன்தான் வளர்த்தவர். சீர் வரிசைக்குக் குத்துவிளக்கு வாங்க வேண்டும். வீட்டிலிருந்த பழைய விளக்கைப் போட்டுப் புதுசு எடுப்பதாகப் பேச்சு. அந்தப் பழைய விளக்கை எடுத்துக்கொண்டு மாமன் அடுத்த பஸ்ஸில் வருவதாக இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கடை தெரியாமல் மாமா தாண்டிப் போய்விடுவாரே என்று அந்தப் பெண் படியில் வந்து நின்றிருக்கிறாள். தூரத்தில் அவரைப் பார்த்ததும் சந்தோஷத்தில் உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"அம்மா! மாமா வந்துட்டாங்க!"

என் காதில் விழுந்தது கடைசி இரண்டு வார்த்தைதான். பாய் கடையில் ஏது பெண் குரல் என்று யோசித்திருக்கலாம். திட்டத்தின் தகப்பன் ஆயிற்றே, யோசிப்பேனா? முதலில் பாய்ந்தவன் நான்தான். பாய் கடையைப் பார்த்து வந்துகொண்டிருந்த ஆளுக்கு முழங்காலுக்கு ஏறிய வேட்டி, தோளில் துண்டு, கையில் கனத்த சாக்குப்பை. பையைப் பிடுங்கி உதறினேன். பளபளவென்று ஒரு குத்துவிளக்கு தரையில் உருண்டது.

பழைய விளக்கு பளபளக்குமா? பளபளத்தது. எடைக்குப் போடுகிற பொருளாக இருந்தாலும் அழுக்காகக் கொடுக்கக் கூடாது என்று அந்த வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் தேய்த்து அனுப்பியிருந்தார்கள்.

"எங்க வீட்டு விளக்குங்க" என்றார் அவர். யார் கேட்டது? ஆளாளுக்குக் கை ஓங்கினார்கள். அந்தப் பெண் ஓடிவந்து "மாமா! மாமா!" என்று அலறினாள். அவள் அலற அலற, தெருக்கோடியில் இருந்த கடைக்காரர்கள்கூட ஓடிவந்து அடித்தார்கள். எங்கள் திட்டம் அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

சீசனுக்காகத் தெருமுனையில் நிறுத்தியிருந்த போலீஸ்காரர் வந்து அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். பாய் திரும்பி வந்து, அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் விசாரித்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. பாய் என்னைத் திட்டவில்லை. "வாங்க ஸ்டேஷனுக்கு" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் நுழைந்தபோது ஏட்டு ஊர் பேரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நெல்லுத் திருட்டுக் கேஸ்ல இருந்த ஆளுதானே நீ?"

"கூலி கேட்டதுக்குப் போட்ட கேசுங்க. கோர்ட்டுலயே தள்ளிட்டாங்க."

"தள்ளிட்டா? கேஸ் கேஸ்தானே."

கூலிக்காகவும் நிலத்துக்காகவும் கீழத்தஞ்சையே இரண்டுபட்டுக் கிடந்த காலத்தில், அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டவர்கள் மேல் எல்லாம் மிராசுதார்கள் நெல் திருட்டு என்று எழுதிக் கொடுத்தது ஊரறிந்த சங்கதி. எனக்கும் தெரியும்.

"சார், எங்க பொருள் எதுவும் போகலை. தப்பு எங்க மேலதான்" என்றேன்.

"புடிங்கன்னா புடிக்கணும், விடுங்கன்னா விடணும். நான் என்ன உங்க கடைத் தலையாட்டி பொம்மையா?" என்றார் ஏட்டு. வேறு நாளாக இருந்தால் நானே ரசித்துச் சிரித்திருப்பேன்.

பொழுது சாயும்போதுதான் விட்டார்கள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கூறைப்புடவை எடுப்பதற்காக அன்று மதியமே மாப்பிள்ளை வீட்டாரும் தஞ்சாவூருக்கு வந்திருந்தார்கள். பெண்ணின் தாய்மாமனைக் கடைத்தெருவில் வைத்து அடித்து, போலீஸ் கூட்டிப்போன கதை ஜவுளிக்கடைக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பாயும் நானும் போய்க் கெஞ்சினோம். "அடிச்சவங்களே வந்து நல்லவருன்னு சொன்னா எப்படிங்க நம்புறது?" என்று கேட்டார்கள். கல்யாணம் நிற்காது, ஆனால் அந்த ஆள் பந்தலுக்கு வரக் கூடாது என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் திருட்டு குறைந்ததா என்றால், இல்லை. கேமராக்கள் போய்க்கொண்டேதான் இருந்தன. அடுத்த கூட்டத்தில், மாமாவுக்குப் பதில் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து அந்தக் கிராமத்துக்குப் போனேன். முகூர்த்த நேரத்தில் அவர் வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தாராம். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு பங்காளியை நிறுத்தினார்களாம். மணமேடையில் பெண் தலையை நிமிர்த்தவே இல்லையாம். அவளுடைய அம்மா இதை ஒவ்வொன்றாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வாய்க்கால் ஓரமாகத்தான் அவர் மண்வெட்டியோடு நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பு மேலேயே அவர் பக்கம் நடந்தேன். இப்போதும் கடைக்குள் யார் நுழைந்தாலும் அவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இன்றும் என் கண் முதலில் அவர்கள் கையிலிருக்கும் பைக்குத்தான் போகிறது. அதன் பிறகு அந்த வரப்பு ஞாபகம் வந்து கூசிப்போகிறேன். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அன்று அந்த வரப்பில் அவர் எதிரே நின்று, "பெரிய தப்பு பண்ணிட்டேங்க. நான் என்ன செஞ்சா உங்க மனசு ஆறும்? சொல்லுங்க, செய்றேன்" என்றேன்.

அவர் மண்வெட்டியை வாய்க்கால் தண்ணீரில் அலசினார்.

"தஞ்சாவூருக்கு அஞ்சு மணிக்கு ஒரு பஸ்சு இருக்குங்க."