ஒரே லாட்டில் இன்னொரு கார்டு

கம்ப்யூட்டர் கடைக்காரனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். கேம் ஆட பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று போதுமா, கொஞ்சம் சின்னதாக இரண்டு போடலாமா?

என் ஓட்டு எப்போதும் ஒன்றுக்குத்தான். இரண்டு போட்டால் சூடு அதிகம். பாதி கேமில் இரண்டாவது சும்மா உட்கார்ந்திருக்கும்.

இன்று முதலிபாளையத்திலிருந்து ஒருவர் வந்தார். சாயப்பட்டறையில் வேலை என்று நகக்கண்ணில் இருந்த நீலமே சொன்னது. பழைய கார்டு ஒன்றைப் பனியன் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"பையனோடதுங்க. இதே மாதிரி இன்னொண்ணு வேணுங்க. ஒரே லாட்டாப் பார்த்துக் குடுங்க. லாட் மாறுனா ஷேடு மாறிப்போயிருமுங்க."

ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணிதான் ஒரு லாட்; அடுத்த லாட்டில் நிறம் கொஞ்சம் மாறும். கார்டுக்கும் அதே கணக்கா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது துணி இல்லீங்கண்ணா, ஷேடெல்லாம் மாறாது. ரெண்டு எதுக்குங்க? புதுசாப் பெருசா ஒண்ணு போடுங்க. பையனைக் கூட்டிட்டு வாங்க, நான் சொல்லிக்கறேன்."

"பையன் இல்லீங்க. போன மாசம் வண்டியில அடிபட்டுப் போயிட்டானுங்க."

கார்டைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு போட்டு ஆடோணும்னு சொல்லிக்கிட்டே இருந்தானுங்க. அவன் கம்ப்யூட்டர் பொட்டியத் தொறந்தா இதுக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியாவே கெடக்குதுங்க."

துணியைப் பிரிக்கச் சொல்லி, கார்டைப் படம் எடுத்துக்கொண்டேன்.

அந்த மாடல் இப்போது வருவதில்லை. படம் கீழே போட்டிருக்கிறேன். யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள்.

லாட் வேறாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே லாட்தானுங்க என்று அவரிடம் இந்த முறை சிரிக்காமல் சொல்லிவிடுவேன்.