மதினி எடுத்துக்கொண்ட சொல்

அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. செங்கல் கனம் கனத்தது. அட்டை எப்போதோ கழன்று போய், அந்த இடத்தில் சாக்குத் துணியை ஒட்டியிருந்தார்கள். முதல் பக்கத்திலேயே எட்டுச் சொல் எனக்கு விளங்கவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், அதிலும் முதலாவதாக வந்தவள் என்று எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. அதையெல்லாம் அந்த ஒரு பக்கமே இறக்கி வைத்துவிட்டது.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டம். எனக்கு வயது பத்தொன்பது. கொழுந்து பறிக்கத் தொடங்கி ஆறு வருடம் முடிந்திருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே வாத்தியார்தான். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வேண்டும் என்று அவர் தோட்டத்துத் துரையிடம் கேட்டுச் சம்மதமும் வாங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டு, நான் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்தப் பழைய நாவலை எடுத்துக் கையில் கொடுத்தார்.

“மூணு மாசம் தர்றேன். இதுலருந்து பத்துக் கஷ்டமான சொல்லு கேப்பேன். ஒண்ணு தப்பினா பொறுத்துக்குவேன். ரெண்டு தப்பினா நீ கொழுந்து பறிக்க மலைக்கே போயிரு.”

“அகராதி ஏதும் இருக்குங்களா ஐயா?”

“இருக்கு. அது எங்கிட்டயே இருக்கட்டும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவும் அதே கணக்கைத்தான் சொன்னார். மூன்று மாதம் பார்ப்போம், கிடைக்காவிட்டால் அதற்குப் பிறகு புத்தகப் பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். அந்தப் பள்ளிக்கூட வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. மழையில் நனைந்த கூடையை முதுகில் சுமந்துகொண்டே கிழவியாகிவிடுவேனோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

எங்கள் காம்பராவில் மொத்தம் ஒன்பது பேர். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணன் பெண்சாதியான என் மதினி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், நான். லயம் என்கிற அந்த வரிசை வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறைதான். அங்கே எங்கே உட்கார்ந்து படிப்பது? ஒரு பிள்ளை மடியில் ஏறும், இன்னொன்று பக்கத்தைக் கிழிக்க வரும். மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, வீட்டில் நடக்காது என்று.

அதனால் சொற்களை மலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். தேயிலைச் செடிக்கு மேலே கிடத்தி மட்டம் பார்த்துப் பறிக்க, எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு மட்டக்கம்பு இருக்கும். விடிகாலையில் அடுப்புக்கரியால் என் கம்பில் நாலு சொல் எழுதிக்கொள்வேன். அந்தச் சொல் வந்த வரியையும் மனப்பாடம் செய்துகொள்வேன். சாயங்காலம் கம்பில் எழுத்து இருக்காது, உள்ளங்கைதான் கறுத்திருக்கும்.

எனக்கு அடுத்த நிரையில் பறிப்பது மதினி. எழுத்தே தெரியாதவர். முதல் நாள் நான் முணுமுணுப்பதைக் கேட்டுவிட்டு, “என்ன புள்ள, மந்திரமா ஓதுற? சத்தமாச் சொல்லு, நாங்களும் கேக்குறோம்” என்றார்.

சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் பக்கத்து நிரைகள் எல்லாவற்றுக்கும் அதுவே வேலையாகிப் போனது. நான் வரியைச் சொல்வேன். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ள, வாய் பாட்டுக்குப் பொருளைத் தேடும். நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிச் சண்டை பிடிப்பார்கள். கடைசியில் மதினி தீர்ப்புச் சொல்வார். உப்பரிகை என்றால் அரண்மனையின் மேல்தளத்தில் நின்று பார்க்கிற இடம். “நம்ம ஸ்டோரு மேமாடி மாதிரி. ஆனா தேயிலை காயப்போட மாட்டாங்க” என்றார், தேயிலைத் தொழிற்சாலையை நினைத்து. பரிவாரம் என்றால் துரை மலைக்கு வரும்போது கூடவே வருகிற கணக்கப்பிள்ளையும் கங்காணிகளும். “நாயும் சேத்தி” என்றார் ஒரு அக்கா. சீற்றம் யாருக்கும் கஷ்டமாகவே இல்லை. கங்காணி கத்திக்கொண்டு வருவதைப் பார்த்ததும், “அந்தா, சீற்றம் வருது” என்று ஒருத்தி சொல்ல, அவருக்கு ஏன் எல்லாரும் சிரிக்கிறோம் என்று கடைசிவரை தெரியவில்லை.

கொஞ்ச நாளில் ஆளுக்கொரு சொல்லைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமானவள் வதனத்தை எடுத்துக்கொண்டாள். அவள் வதனம் அழகு என்று புருஷன் ஒருநாள்கூடச் சொல்லவில்லை என்று அவளுக்குக் குறை. மதினி மட்டும் எதையும் எடுக்கவில்லை. “எனக்குப் புடிச்சது வரட்டும்” என்றார்.

அது இரண்டாம் மாதம் வந்தது. கதையில் இளவரசி உப்பரிகையில் ஏகாந்தத்தில் நின்று கண்ணீர் விடுகிறாள். ஏகாந்தம் என்றால் என்ன?

“வியாதியா இருக்கும். அதான் அழுவுறா” என்றாள் ஒருத்தி.

“கூட யாருமே இல்லையாம்” என்றேன் நான், அடுத்த வரியையும் சொல்லி. “தோழி, காவக்காரன், ஒருத்தரும் கெடையாது. இவ மட்டும்தான்.”

“பொய்யி” என்றார் பரிவாரத்தில் நாயைச் சேர்த்த அந்த அக்கா. “அம்புட்டுப் பெரிய வீட்டுல எட்டிப் பாக்க ஒருத்திகூடவா இல்ல?”

மதினி பறிப்பதை நிறுத்திவிட்டார். அவர் கை நின்று நான் பார்த்ததே இல்லை. “ஒருத்தரும் இல்லாமயா?” என்று கேட்டார். “கூப்புட ஆளில்லாமயா? எனக்கு அந்தச் சொல்லு.”

எடுத்துக்கொண்டாரே தவிர, அதை வைத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, மத்தியானத்துக்குப் பிறகு, மலை மேலிருந்து பனி இறங்கியது. எங்கள் பக்கம் அது இறங்கினால் அடுத்த நிரையில் ஆள் இருப்பதே தெரியாது. வெள்ளையாக மூடிவிடும். வழக்கமாக நாங்கள் அப்போதுதான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிக்கொள்வோம். நான் மதினியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

“பேசாத புள்ள” என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. “நான் ஏகாந்தத்துல இருக்கேன்.”

பனி விலகியபோது பார்த்தேன். கூடை நிறைந்திருந்தது, மதினியின் முகமும் நிறைந்திருந்தது. அதற்குப் பிறகு பனி இறங்கினால் நாங்கள் யாருமே பேசுவதில்லை. கால் மணியோ அரை மணியோ, அது மதினியின் நேரம்.

மூன்று மாதம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தோடு ஒட்டிய சின்ன வீடு. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும்தான். அவருக்கு ஆறு பிள்ளைகள். தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று அழுதது, இரண்டு அடித்துக்கொண்டன. அவர் மனைவி எல்லாரையும் அதட்டிக்கொண்டே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்.

வாத்தியார் பென்சிலோடு உட்கார்ந்தார். உப்பரிகை சரி. பரிவாரம் சரி, நாயை விட்டுவிட்டுச் சொன்னேன். ஆறாவதாக மீகாமன் என்று கேட்டார். எங்கள் நிரையில் கடலைப் பார்த்தவர் யாரும் இல்லை. கப்பலில் சுமை தூக்குகிறவன் என்றேன். “தப்பு. கப்பல ஓட்டுறவன்” என்று கோடு போட்டார். இனி ஒன்றுகூடத் தப்பக் கூடாது. அடுத்த மூன்றையும் எப்படிச் சொன்னேன் என்றே நினைவில்லை, ஆனால் சரியாகச் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி.

“ஏகாந்தம்.”

“தனியா இருக்கிறதுங்க ஐயா. ரொம்பச் சந்தோஷமா.”

“தனிமை, சரி. சந்தோஷம் எங்கருந்து வந்துச்சு? கதையில அவ அழுவுறாளே?”

“அவ வேற எதுக்கோ அழுவுறாங்க ஐயா. யாரும் பாக்காம அழுவ எடம் கெடைச்சுதுல்ல, அது சந்தோஷந்தான்.”

“அகராதியில அப்படிப் போடலயே” என்று பென்சிலைத் தூக்கினார். கோடு விழப்போகிறது என்று தெரிந்ததும் என் வாய் நிற்கவில்லை. “அகராதி எழுதுனவரு லயத்துல இருந்திருக்க மாட்டாருங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது. “அந்தப் புள்ள சொல்றது சரிதாங்க” என்றார் அந்த அம்மா. “சரின்னு போடுங்க.”

“நீ அந்தப் புத்தகத்தப் படிச்சியா?”

“படிக்கல. ஆறு பெத்திருக்கேன்.”

வாத்தியார் தட்டியைப் பார்த்தார். அழுகிற பிள்ளையின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாளில் சரி போட்டு, “திங்கக்கிழமை வந்துரு” என்றார்.

லயத்துக்கு ஓடிவந்து சொன்னேன். மதினிதான் முதலில் கட்டிப்பிடித்தார். மீகாமன் தப்பிய கதையைக் கேட்டுவிட்டு, “கப்பல் தொரைன்னு சொல்லியிருக்கலாம்ல, மக்கு” என்று தலையில் குட்டினார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்கு, என் நிரைக்கு இனி யார் வருவார்கள் என்று கேட்டபோது மட்டும் குரல் இறங்கிப் போனது. ஜெயித்தது நான், ஆனால் அந்த ஒரு சொல் மதினியுடையது. அவருக்கோ ஏகாந்தம் பனி இறங்கினால்தான் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துச் சாவி என்னிடம் இருந்தது. அப்பாவும் அண்ணனும் தலவாக்கலைக்குப் போயிருந்தார்கள், அம்மா கோயிலுக்கு. மதினியின் நாலு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “மதினி, கதவச் சாத்திக்கோங்க” என்று மட்டும் சொன்னேன்.

முழுதாக ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு எழுத்துப் போட்டுக் காட்டி, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, திரும்பி வந்து கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது. மதினி தலையை அவிழ்த்து விட்டிருந்தார். அவருக்குப் பின்னால் காம்பராவின் நட்ட நடுவில் பாய் விரித்திருந்தது. அடுப்பு மூட்டவில்லை, துணி மடிக்கவில்லை, ஒரு வேலையும் நடந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார்.

“அதுக்குள்ளயா வந்துட்ட?” என்றார்.

நான் பிள்ளைகளைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கே போனேன்.