மண்டோருக்குக் கட்டிய சாக்கு

எனக்கு யாரையும் அடிக்கத் தெரியாது. கை மெலிவு, கால் அதைவிட மெலிவு. அதனால் என் பழிவாங்கல்கள் எல்லாம் சத்தமில்லாத வகையைச் சேர்ந்தவை. எண்பதுகளின் நடுவில், கோல சிலாங்கூருக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து ஒரு நாள் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அது தபால்காரருடையது. அன்று என் அம்மாவுக்கு வரவேண்டிய கடிதமும் அவரோடு சேர்ந்து நடந்தே வந்தது.

மண்டோர் மேல் எனக்கு அப்படி என்ன கோபம்? சொல்கிறேன். இன்றைக்கும் அது ஆறவில்லை.

தோட்டத்தின் ஒரு பகுதியில் பழைய தென்னைகளை அழித்துவிட்டு செம்பனைக் கன்று வைத்திருந்தார்கள். கன்று வளர்ந்து நிழல் கட்டும் வரை வரிசைகளுக்கு நடுவில் நிலம் சும்மாதான் கிடக்கும். அதில் நாங்கள் எதையாவது நட்டுக்கொள்ளலாம் என்று தோட்டத்து மேனேஜர் துரை அனுமதி கொடுத்தார். யாருக்கு எந்தத் துண்டு என்பதை மண்டோர் பிரிப்பார். பிரித்ததற்கு நன்றியாக, அறுவடை முடிந்ததும் ஆளுக்கொரு சாக்கு அவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டங்களைவிட ஒழுங்காக இது நடந்தது.

அங்கே கடல் எந்தக் காலத்திலோ விட்டுப்போன மணல்மேடு ஒன்று உண்டு. கையை விட்டால் முழங்கை வரை இறங்கும். நிலக்கடலைக்கு அதைவிடச் சொர்க்கம் கிடையாது. அதை மண்டோர் தனக்கே பிரித்துக்கொண்டார். எனக்குக் கிடைத்தது கான் என்கிற வாய்க்காலின் ஓரத்துக் களிமண். மழையில் சப்பாத்தி மாவு, வெயிலில் சிமெண்டு.

"மண்டோரே, கச்சாங் இதுல வராதுங்க" என்றேன். எங்கள் வாயில் கடலைக்குக் கச்சாங் என்றுதான் பேர்.

"கச்சாங்குக்கு மண்ணு முக்கியம் இல்லடா. கை ராசி முக்கியம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைப் பற்றிய நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பது நான்தான். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

கடலைச் செடி பூத்து முடிந்ததும் பூவின் அடியிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணுக்குள் போய்க் காயாகும். என் துண்டில் விழுதுகள் இறங்கி வந்து, தரையைத் தட்டிப் பார்த்து, கதவு திறக்காததால் பாதி அங்கேயே கருகிப் போயின. அறுப்புக்கு முந்திய மாதம் ஒரு சொட்டு மழையில்லை. களிமண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. மீதிக் காயையும் கறையான் ஓட்டை போட்டது. பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வந்தது. மண்வெட்டியால் கொத்தி எடுத்ததில் மூன்றில் ஒரு காய் வெட்டுப்பட்டது. எல்லாம் முடிந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடியிருந்தபோது மண்டோர் என் காய்களில் ஒரு பிடியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். களிமண் அப்பிக் கறுத்துக் கிடந்தன.

"இது கச்சாங்கா, ஆட்டுப் புழுக்கையா? டேய், மோந்து பாத்துச் சொல்லுங்கடா!"

அவருடைய மணல்மேட்டுக் கடலை உதறினாலே வெள்ளையாக வந்துவிடும். பெரட்டுக் களமே சிரித்தது. என் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை, சிரிப்பைவிட மோசம்.

அன்றைக்குத்தான் நான் அந்த அறிவாளித்தனத்தைச் செய்தேன். மண்டோரின் கடலையைவிட வெள்ளையாக என் கடலையைக் காட்டுகிறேன் பார் என்று, மூன்று சாக்குக் காயையும் கானில் கொட்டி, சட்டை துவைக்கிற பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். பளபளவென்று வந்தது. வெயில் இல்லை. இரண்டு நாள் ஒப்புக்கு உலர்த்திவிட்டு, பிளாஸ்டிக் உள்பை போட்ட உரச் சாக்குகளில் அமுக்கி, வாயை இறுக்கிக் கட்டி, அடுப்படிக்குப் பின்னால் அடுக்கி வைத்தேன். கொத்துப்பட்ட, ஓட்டை விழுந்த, ஈரக் கடலைக்கு அதைவிட வசதியான புழுக்கம் யாராலும் செய்து தர முடியாது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது வெள்ளை ஒன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாக்கைப் பஸ்ஸில் ஏற்றி சபாக் டவுனுக்குக் கொண்டுபோனேன். சீனக் கடை முதலாளி, தவுக்கே, காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாவ், சாந்தேக் லா" என்று அதன் அழகைப் புகழ்ந்தார். எனக்குத் தலை கனத்தது. பிறகு ஒன்றை உடைத்தார். அடுத்து இன்னொன்று. பருப்பைச் சுற்றி மஞ்சளும் பச்சையும் கலந்த தூள், சாமிக்குப் போட்ட சாந்து மாதிரி படிந்திருந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு, எங்களோடு பழகிப் படித்த தமிழில் சொன்னார்:

"இது ரச்சூன். விஷம். தின்னக் கூடாது. வாத்துக்கும் போடக் கூடாது. வாத்து செத்துப் போவும். போய்ப் பொதைச்சிரு லா."

திரும்பி வரும் பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிடலாம் போல இருந்தது. தோட்டத்து முச்சந்தியில் இறங்கும்போது அழுகை நின்றுவிட்டது. மண்டோருக்கு இன்னும் நான் சாக்குக் கொடுக்கவில்லை என்பது ஞாபகம் வந்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு என் மனசில் இருந்தது வயிற்றுப்போக்குதான். பெரட்டின் நடுவில் மண்டோர் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். "மோந்து பாருங்கடா" என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவே.

மறுநாள் சாயங்காலம் சாக்கை அவர் வாசலில் இறக்கினேன். கட்டை அவிழ்த்து மேலாகப் பார்த்தார். உடைக்கவில்லை.

"அட, கழுவிக் குடுத்திருக்கியே! இப்பத்தாண்டா உனக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு."

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சதுங்க" என்றேன். பொய்யே இல்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இனித்தது. மண்டோர் மட்டும் திடமாக நடமாடினார். பொறுக்க முடியாமல் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸர் யாழ்ப்பாணத்துக்காரர். எதற்கும் அதட்டாத மனிதர்.

"ஐயா, பூஞ்சை பிடிச்ச கச்சாங் தின்னா எத்தனை நாள்ல வயித்தால போகும்?"

"வயிறு இல்லைத் தம்பி, ஈரல். மெதுவாத்தான் வேலை செய்யும். அவிச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சின்னப் பிள்ளையளுக்குத்தான் கூடாது. ஏன், நீர் திண்டனீரோ?"

"இல்லைங்கய்யா, சும்மா பொது அறிவுக்கு."

அப்போதே ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. மண்டோரின் மனைவி தாய்வீடு போயிருந்தாள், பிள்ளைகள் வளர்ந்து ரவாங் பக்கம் தொழிற்சாலை வேலையில் இருந்தார்கள். வீட்டில் அவர் ஒருவர்தானே என்று கணக்குப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். இதைத்தான் என்னால் நகைச்சுவையாக்க முடியவில்லை.

மறுநாள் பத்து மணி இருக்கும். வெட்டிய குலையைச் சுமந்துவந்து சாலையோரம் போட்டேன். உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் சொன்னாள்:

"உன் மண்டோரு திருந்திட்டாருடா. ஆயாக் கொட்டகைக்குக் கழுவின கச்சாங் ஒரு சாக்கு தர்மமா அனுப்பியிருக்காராம். பத்தரைக்குப் பிள்ளைங்களுக்கு அவிச்சுக் குடுக்கறாங்களாம்."

ஆயாக் கொட்டகை என்பது, நாங்கள் காட்டு வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். முப்பது பிள்ளைகள் இருக்கும். அக்காவின் மூன்று வயது மகளும் அதில் ஒருத்தி. மற்றவர்கள் கொடுத்த சாக்குகளையெல்லாம் வைத்துக்கொண்டு, தர்மத்துக்கு என் சாக்கை எடுத்திருக்கிறார் பாவி! ஓடும்போதுகூட இந்த எரிச்சல் என்னை விடவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆயா சாக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தார்.

"போடாதீங்க! கெட்டுப்போனது!"

"பாத்தா பளிச்சுன்னு இருக்கே. யார் சொன்னா கெட்டதுன்னு?"

"என்னோடதுதான் ஆயா. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

ஆயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு காயை உடைத்தார், தூளைப் பார்த்தார், பருப்பை என் வாய்க்கு நேராக நீட்டினார்.

"தின்னு."

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குமேல் ஆயாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கையில் இருந்த அகப்பையால் என் தோளில் ஒன்று வைத்தார். வலித்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. தூண் பக்கத்தில் அக்கா மகளும் இன்னொரு குழந்தையும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் நாலைந்து காலிக் கடலைத் தோடு கிடந்தது.

செய்தி மத்தியானத்துக்குள் எல்லா லய வீடுகளுக்கும் போய்விட்டது. மறுநாள் பெரட்டில் மண்டோர் என்னைத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திட்டவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"ஏண்டா, நான் அதைத் தின்னிருந்தா?"

"உங்களுக்குன்னுதான் குடுத்தேன்" என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

என் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். ஆனால் அதன்பிறகு அவர் வாசலில் ஒருவரும் சாக்கு இறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. எவன் எதைக் கட்டிக் கொண்டுவருவானோ என்ற பயம். வாங்கி வைத்திருந்த நல்ல சாக்குகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். நான் ஆசைப்பட்டதைவிடப் பெரிய பழி தீர்ந்திருந்தது. பத்துப் பேர் வந்து என் முதுகில் தட்டினார்கள். ஒரு நிமிடம், சரி, இரண்டு நிமிடம், எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

டிரஸர் இரண்டு குழந்தைகளின் கண்ணையும் வயிற்றையும் பார்த்தார். "ஒரு தரத்துக்கு ஒண்டும் வராது எண்டு நினைக்கிறன். ஆனா நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுறது?" என்றார். அந்த வருஷம் முழுக்க, லயத்தில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் நான் போய்க் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தேன். தாய்மார்கள் துரத்திவிட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவே இல்லை. சில வாரம் கழித்து அவள் மகள் "மாமா!" என்று கத்திக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். நான் தூக்கக் குனிந்தேன். அக்கா நடுவில் வந்து நின்றாள்.

"மொதல்ல கையத் தொறந்து காட்டு" என்றாள்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். புறங்கையையும் திருப்பிக் காட்டச் சொன்னாள்.