பதினாறு ஆள் வள்ளமும் ஒரு பச்சைப் பிக்கப்பும்

பழைய வாகனம் விற்கிறவன் சொல்வதை ஒருவரும் நம்புவதில்லை, அவன் சொல்லாமல் விட்டது என்ன என்றுதான் தேடுவார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கும், எங்களைப் போன்றவர்களிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு அளவில் ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு பழைய வாகன முற்றத்தில் விற்பனையாளனாக இருந்தேன். முதலாளி டீட்டர் நூற்றிருபது கிலோ ஜேர்மன்காரர். அங்கே நான் பார்த்த வாடிக்கையாளர்களில் யேசுதாசன் அண்ணையையும் றெஜினா அக்காவையும்போல் இன்னொரு சோடி வரவில்லை.

பாரம் எவ்வளவு?

யேசுதாசன் அண்ணை யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரை ஆள். பகலில் தொழிற்சாலை வேலை, பின்னேரங்களில் வாடகைக் கராஜ் ஒன்றுக்குள் வள்ளம் கட்டும் வேலை. மூன்று வருடமாகத் தன் கையாலேயே கட்டி முடித்திருந்தார். இப்போது வீட்டுக்காரன் கராஜைத் திருப்பிக் கேட்டுவிட்டான். மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியத்துக்குள் வள்ளம் வெளியே போகவேண்டும், இல்லாவிட்டால் அறுத்துக் குப்பைக்கு அனுப்புவேன் என்று கடிதம் போட்டிருந்தான். வடக்கே கடற்கரையில் வள்ளம் நிறுத்த இடம் எடுத்தாயிற்று. இழுத்துப்போக ஒரு பிக்கப் வேண்டும், கைவசம் இருந்தது மூன்று கிழமை, இருபத்தொரு நாள்.

"வள்ளம் என்ன பாரம் அண்ணை?" என்று கேட்டேன். "பதினாறு ஆள் வள்ளம்" என்றார். கரைக்கு இழுக்கப் பதினாறு பேர் வேண்டும் என்பது கணக்கு. நானும் பெரிய கெட்டிக்காரன்போல ஆளுக்கு ஐம்பது கிலோ போட்டு, எண்ணூறு கிலோ என்று முதலாளிக்கு மொழிபெயர்த்தேன். அவர் தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, "தமிழ் ஆளா, ஜேர்மன் ஆளா?" என்று கேட்டார். அப்போதுதான், அதுவரை கைப்பையை அணைத்தபடி பேசாமல் நின்ற றெஜினா அக்கா வாய் திறந்தார்.

"எஞ்சினோட ஆயிரத்து நூற்றிருபது கிலோ, வள்ளம் ஏத்திற ரெயிலரையும் சேர்த்தா ஆயிரத்து ஐந்நூறு. ஒவ்வொரு பலகையையும் குளியலறைத் தராசில வைச்சு நிறுத்தது நான்தானே."

வெள்ளி நிறப் பிக்கப்

முற்றத்தில் நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்ட வண்டி ஒன்று நின்றது. வெள்ளி நிறம், தோல் இருக்கை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. நான் பின்கதவைத் திறந்து காட்டி, பாட்டுப்பெட்டியைப் போட்டுக் காட்டி, தொண்டைத் தண்ணீர் வற்றக் கதைத்தேன். அண்ணை ஒன்றையும் காதில் வாங்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு நிலத்தில் மல்லாந்து வண்டிக்குக் கீழே போய்விட்டார். திரும்பி வரும்போது விரலில் துரு. அதை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார்.

முதலாளி சிரித்தார். மாரியில் பனி உருகத் தெருவெல்லாம் உப்புக் கொட்டுகிற நாட்டில் எந்த வண்டியில்தான் உப்பு இல்லை என்று கேட்டார். அண்ணை அவசரப்படவில்லை. "றோட்டு உப்பெண்டா முன்னுக்கும் பிடிச்சிருக்கும். முன்பக்கம் சுத்தமாக் கிடக்கு, பின் அச்சும் பிறேக் குழாயும்தான் தின்னுப்பட்டிருக்கு. வள்ளம் இறக்கேக்க பின்பக்கத்தைக் கடலுக்குள்ள விட்ட வண்டி இது" என்றார். முதலாளி தானும் மூச்சு வாங்கக் குனிந்து பார்த்தார், பிறகு உள்ளே போய்ப் பழைய பத்திரத்தைப் புரட்டினார். முந்திய சொந்தக்காரர் வடகடல் ஓரத்து ஊர்க்காரர். அன்றே அந்த வண்டியை விற்பனை வரிசையிலிருந்து எடுத்து, பிறேக் குழாய் மாற்றப் பட்டறைக்கு அனுப்பினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த மனிதரைக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது. முதலாளி கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இவரை வேலைக்கு வைத்துக்கொண்டு உன்னை வீட்டுக்கு அனுப்பலாம் போலிருக்கிறது."

பச்சை வண்டி

மூலையில் ஒரு பச்சைப் பிக்கப் கிடந்தது. காட்டு மரம் இழுத்த வண்டி. கதவெல்லாம் நெளிவு, இருக்கையில் நாய் மயிர். இரண்டு தொன்னுக்கு மேல் இழுக்கலாம் என்று பத்திரத்தில் இருந்தும் ஆறு மாதமாக ஒருவரும் ஏறிப்பார்க்கவில்லை. அண்ணை அதன் பின்பெட்டி நிறையச் சீமெந்து மூட்டை ஏற்றச் சொன்னார். ஊரே ஏற்ற இறக்கமான வுப்பர்டாலில் இருப்பதற்குள் செங்குத்தான தெருவாகப் பார்த்து ஓட்டி, நடு ஏற்றத்தில் நிறுத்தினார். திரும்ப எடுத்தபோது வண்டி ஓரங்குலம்கூடப் பின்னுக்கு வழுக்கவில்லை. மேலே போய் இறங்கி, கிளச் கருகிய மணம் வருகிறதா என்று மோந்தும் பார்த்தார். நெளிவுகளைத் தட்டித் தருகிறோம் என்று நான் சொன்னதற்கு,

"தம்பி, இதில நான் மாப்பிள்ளை ஊர்வலமே போகப்போறன்? விடும், இழுத்தாச் சரி."

பிளாஸ்டிக் அட்டை

கெடுவுக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை, பத்திரம் எழுத உட்கார்ந்தோம். அண்ணையின் புத்தம்புதுச் சாரதி அட்டையை வாங்கித் திகதியைப் பார்த்தபோதுதான் பிழை விளங்கியது. அவர் லைசன்ஸ் எடுத்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. புதுச் சட்டப்படி அந்த அட்டையோடு கார் ஓட்டலாம், பிக்கப்பும் ஓட்டலாம், அதன் பின்னால் ஒன்றரைத் தொன் வள்ளத்தைக் கட்டி இழுக்க முடியாது. அதற்கு இன்னொரு ஓட்டச் சோதனை எடுக்கவேண்டும், மாதக் கணக்காகும். முதல் நாளே கேட்டிருக்கவேண்டியவன் நான். அண்ணை பேனையை மேசையில் திருப்பி வைத்தார். மூன்று வருட உழைப்பு என் கவனயீனத்தால் அறுக்கும் வாளுக்குப் போகிறதே என்று எனக்கு அழுகை வராத குறை. சனிக்கிழமை தானே வந்து இழுத்துத் தருவதாக முதலாளி சொன்னார், ஆனால் ஒவ்வொரு முறையும் வள்ளத்தைக் கடலில் இறக்கவும் கரைக்கு ஏற்றவும் அவ்வளவு தூரம் அவரா வருவார்?

றெஜினா அக்கா கைப்பையைத் திறந்து, மடித்து மடித்து நைந்துபோன ரோசா நிறக் கடதாசி ஒன்றை மேசையில் வைத்தார். தொண்ணூற்றாறில் அக்கா எடுத்த பழைய லைசன்ஸ். அந்தக் காலத்து லைசன்ஸ்காரர்கள் இதைப்போல இரண்டு மடங்கு பாரத்தையும் இழுக்கலாம். அக்காவுக்குப் பூச்செடிப் பண்ணையில் வேலை, ஒன்பது வருடமாக மண்ணும் செடியும் ஏற்றிய ரெயிலரை இழுத்துத் திரிகிறாராம். "ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?" என்றேன்.

"மூண்டு கிழமையா எல்லாத்தையும் அவரிட்டத்தானே தம்பி கேட்டனீர். என்னட்ட ஆர் கேட்டது?"

சனிக்கிழமை

கராஜ் ஒரு பள்ளத்தின் அடியில். அங்கே இறங்கும் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் மதில். பதினொன்றரை மணி. வீட்டுக்காரன் கையைக் கட்டியபடி வாசலில் நின்றான். அக்கா பச்சை வண்டியைப் பின்பக்கமாகவே பள்ளத்தில் இறக்கி, ஒரே தடவையில் ரெயிலரின் கொழுவிக்கு நேரே நிறுத்தினார். வள்ளம் வெளியே வந்தபோது மதிலுக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. "வலக்கைப் பக்கம் ஒடி! ஒடி!" என்று வண்டியை வளைக்கச் சொல்லி அண்ணை பின்னால் நின்று கத்த, முதலாளி ஜேர்மனில் ஏதோ கத்த, நானும் என் பங்குக்குக் கத்தினேன். அக்கா வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"இஞ்சாருங்கோ, கடலுக்குள்ள நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன். இப்ப மூண்டு பேரும் ஒதுங்கி நில்லுங்கோ."

ஒதுங்கி நின்றோம், வள்ளம் ஏற்றத்தில் ஏறிப் போயிற்று, அன்றிலிருந்து வண்டிக்குக் கீழே படுத்துப் பார்ப்பவருக்கு மரியாதையும், பக்கத்தில் பேசாமல் நிற்பவருக்கு முதல் கேள்வியும் என்பதே என் வியாபாரச் சட்டம்.