தாளுக்குப் பதிலாகத் தகரம்

நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான் ராமையா அண்ணனின் அழைப்பு வந்தது. மஸ்கெலியாவில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். "சார், புஷ்பம் டீச்சர் போயிட்டாங்க. தூக்கத்துலயே" என்றார். பிறகு, "நான் வண்டியக் கழுவணும் சார்" என்று போனை வைத்துவிட்டார். டீச்சரை அறிந்தவர்களுக்கு அந்த இரண்டாவது பேச்சு விநோதமாகப் படாது.

ஹட்டனில் ஒரே பாடசாலையில் அவர் சித்திரம் படிப்பித்தார், நான் கணிதம். அவருக்குக் கார் என்றால் உயிர். ஆனால் ஏறி உட்கார்ந்தால் இரண்டாவது வளைவிலேயே வாந்தி. எங்கள் பக்கம் வளைவில்லாத பாதை ஏது? அதனால் றொசல்லயிலிருந்து தினமும் ரயிலில்தான் வருவார். பாதையோரம் ஒரு நல்ல கார் நின்றால் அவரும் நின்றுவிடுவார். ஓட்டுகிறவர்கள் பாவம், கதவைத் திறந்து, "வாங்க டீச்சர், எறக்கி விடுறேன்" என்பார்கள். "ஏறுறதுக்கில்லங்க, பாக்குறதுக்கு" என்பார்.

பழசு, புதுசு என்ற பேதம் அவருக்கு இல்லை. சீசனுக்கு நுவரெலியா வரும் மின்சாரக் காரின் மெல்லிய விளக்கையும் அதே மரியாதையோடுதான் பார்ப்பார். நான் ஆசை ஆசையாக வாங்கிய வெள்ளைக் காரை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "பக்கவாட்டுல நல்லாத்தான் இருக்கு சார். முன்னால வந்தா, யார்கிட்டயோ திட்டு வாங்கின மூஞ்சி" என்றார். ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

ராமையா அண்ணனுடையது கறுப்பு ஏ-ஃபோர்ட்டி. உருண்ட முதுகும் பெரிய மட்கார்டுமாக, அந்தக் காலத்துக் கார். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாருக்கு முடியாமல் போனாலும், யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அது மேடேறி வந்தால் சனங்கள், "யாருக்கு என்ன?" என்றுதான் கேட்பார்கள். வான்களும் ஓட்டோக்களும் பெருகியபின் அதற்கு ஓட்டமில்லை. உடைத்துப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட அவர் முடிவெடுத்திருந்தார். கேள்விப்பட்ட டீச்சர் பதறிப்போய், "நம்ம ஸ்கூல் சித்திரக் கண்காட்சிக்கு ஒரு நாள் குடுங்கண்ணே. அதுக்குப் பொறவு உங்க இஷ்டம்" என்று கேட்டு வாங்கினார்.

பாடசாலை அதிபருக்கு இது பிடிக்கவில்லை. "கார் எப்படி டீச்சர் சித்திரமாகும்?"

"யாரோ பென்சில்ல வரைஞ்சதுதானே சார் இதுவும். தாளுக்குப் பதிலா தகரம்."

அதிபர் பக்கம் நின்று சிரித்தவன் நான். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கண்காட்சியன்று ராமையா அண்ணன், நாலு பேர் பார்க்கிற இடமாயிற்றே என்று, பொனட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். கொழுந்து பறித்துவிட்டு நேராக வந்த தாய்மார் அதைச் சாமி காரியம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகச் சுற்ற ஆரம்பித்தார்கள். அதிபர் தலையில் கைவைத்தார். நான் விஷயத்தைச் சொல்லி நிறுத்தப் போனேன். டீச்சர் என்னைத் தடுத்தார். "விடுங்க சார். சுத்தி வந்தாத்தானே முழுசாத் தெரியும்."

மூன்றாம் சுற்றில் ஓர் அம்மா நின்று, மட்கார்டின் வளைவை மெல்லத் தடவினார். "மூத்தவளப் பெத்துக்க இதுலதான் போனேன். அன்னைக்கு இருந்த வலியில, இது இம்புட்டு அழகுன்னு தெரியலையே" என்றார். ராமையா அண்ணன் மறுபக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அந்தக் கார் இரும்புக்குப் போகவில்லை.

நேற்று முன்தினம் றொசல்லயில் அடக்கம். பிரேத வண்டிக்குப் பின்னால் அந்த ஏ-ஃபோர்ட்டி பளபளவென்று கழுவித் துடைக்கப்பட்டு, யாரையும் ஏற்றாமல் வெறுமனே வந்தது. கல்லறைக்கு ஏறும் இடத்தில் அதை நிறுத்தினார் ராமையா அண்ணன். மழை தூறியது. கொஞ்சம் ஒதுங்கலாமென்று கதவில் கை வைத்தேன்.

"ஏறுறதுக்கில்ல சார்" என்றார். "டீச்சர் பாக்குறதுக்கு."

கையை எடுத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த ஈரத்தில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: ஏறுமுன் ஒரு சுற்று. இன்று காலை என் வெள்ளைக் காரையும் அப்படிச் சுற்றி வந்து, முன்னால் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. திட்டு வாங்கின மூஞ்சிதான்.