கை ஓங்கினால் முப்பது நாள்

என் தங்கை ஆஸியாவுக்கு இடது காது கேட்காது. ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் விட்ட அறை. ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தவளை, என்ன ஏது என்று கேட்காமலே வாப்பாவும் தன் பங்குக்கு முதுகில் நாலு சாத்தினார். அன்றோடு அவள் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டாள். பிறகு இருபத்து மூன்று வயதில், தாராவியில் என் தோல் பட்டறையில் தோல் பைகளுக்கு வார் தைத்துக்கொண்டே, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிப் பாஸ் செய்தாள். தபால் வழியில் பி.ஏ.வும் முடித்தாள்.

அந்தத் திமிரில்தான் பட்டறையின் மாடியைக் கேட்டாள். கொடுத்தேன். பள்ளி துரத்திய பிள்ளைகளும், பள்ளியே வேண்டாம் என்று ஓடிவந்தவர்களுமாகப் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அவர்களைப் பத்தாவது எழுதவைப்பதுதான் அவள் வேலை. படியேறியதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். சட்டைப்பையில் இருக்கிற பிளேடு, கத்தி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் வாரமே டின் நிறைந்துவிட்டது. சுவரில் ஒரே ஒரு சட்டம் எழுதியிருந்தாள்: கை ஓங்கினால் முப்பது நாள் வெளியே. அடி இல்லாத ஓர் அறையையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை, வெறி என்றே சொல்லலாம்.

போன வருஷம் பைசான் என்ற பையன், கூடப் படிக்கும் சைஃபின் நெற்றியில் இரும்பு ஸ்டூலால் அடித்தான். ஏழு தையல். ஆஸியா சுவரைக் காட்டினாள், பைசான் இறங்கிப் போனான். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஒற்றை அறை வீடுகளில் காகிதம் தங்காது என்று எல்லோருடைய ஹால் டிக்கெட்டையும் அவள்தான் பீரோவில் பூட்டி வைப்பாள். பரீட்சைக்கு முந்தின நாள் அதைக் கேட்டு அவன் வந்து நின்றான்.

"முப்பது நாளு ஆகலல்லா, போ" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

நானும் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. அடுத்த வாரம் அவன் என் பட்டறையில் பெல்ட்டுக்கு ஓட்டை போடும் வேலைக்குச் சேர்ந்தான்.

இந்த வருஷம் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாடியில் படிக்கும் அதீபாவின் அண்ணன் நசீர் படியேறி வந்தான். அவனுடைய தையல் மிஷினில் உட்கார ஆள் இல்லையாம். தங்கையின் சடையைக் கையில் சுற்றி இழுத்தான். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விரல்மேல் மிதித்தான். அவள் பிடி விட்டு விழுந்தபோது நெற்றி படிக்கட்டுக் கம்பியில் மோதிப் பிளந்தது.

சத்தம் கேட்டு நான் மரச்சுத்தியும் கையுமாக மேலே ஓடினேன். ஆஸியா அதை என் கையிலிருந்து பிடுங்கி நசீரின் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது தோளில், அதற்கடுத்தது முட்டியில். நாலாவது அடி விழும்போது அவன் தரையில் சுருண்டு கிடந்தான். அவள் நிறுத்தவில்லை. நான்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கி விலக்கினேன்.

நசீரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். ஒரு பொம்பளையிடம் அடி வாங்கினேன் என்று அவன் போலீசில் சொல்லவா போகிறான்! மேலே வந்தால் பிள்ளைகள் எல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் துணியை அழுத்தியபடி அதீபா கேட்டாள்:

"டீச்சர், ரூல் சப்கே லியே ஹை நா? எல்லாருக்கும்தான?"

அவளுக்காக அடித்தவளைப் பார்த்தா இந்தக் கேள்வி? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆஸியாவோ பீரோவைத் திறந்து ஹால் டிக்கெட்டுகளைப் பிள்ளைகளிடமே கொடுத்தாள். சாவியை அதீபாவின் கையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

"காக்கா, முப்பது நாளு நான் கீழதான்" என்றாள். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

காலியாக இருந்த ஒரே இடம் பைசானுக்குப் பக்கத்தில். இரண்டு நாள் அவள் வார் தைத்தாள், அவன் பெல்ட்டுக்கு ஓட்டை போட்டான். மேலே, போன வருஷமே பாஸாகிவிட்ட சைஃப் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது கேட்டது. மூன்றாம் நாள் பைசான் சுத்தியைக் கீழே வைத்தான்.

"நசீர அடிக்க ஒங்களுக்குக் காரணம் இருந்துச்சுல்லா, டீச்சர்?"

"இருந்துச்சு."

"எனக்கும் இருந்துச்சு. நீங்க விசாரிக்கவே இல்லிய."

ஆஸியாவின் கை ஊசியோடு நின்றது. "என்னடா காரணம்?"

"என் நோட்ட எடுத்து, நான் தப்புத் தப்பா எழுதுனத சைஃப் சத்தமா வாசிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. ஸ்கூல்லயும் இதத்தான் செஞ்சாங்க. அதுக்குப் பயந்துதான் ஒங்ககிட்ட வந்தேன்."

காது கிழிந்த அன்றுகூட அழாதவள் அழுதாள். "அடுத்த பரீட்சைய நீ எழுதணும்டா. நானே ஃபாரம் போடுதேன்."

அவன் அடுத்த பெல்ட்டை எடுத்து விரித்தான்.

"என் பழைய ஹால் டிக்கெட் இன்னும் பீரோல இருக்கா?"

"பத்திரமா இருக்கு."

"கிழிச்சுப் போட்டுருங்க, டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவன் பெல்ட்டின்மேல் சுத்தியை ஓங்கினான்.